மூலை இல்லாத அறையில் இரண்டு இரவுகள்

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "இதுல கெழக்கு எதும்மா?" என்பதுதான். நாங்கள் ஐந்து பேரும் அந்த வட்டமான அறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தோம். சுவர் என்று தனியாக ஒன்று இல்லை. தரையிலிருந்து எழும் வெள்ளைத் துணியே வளைந்து மேலே போய்க் கூரையாகி, மறுபுறம் இறங்கி மீண்டும் சுவராகிவிடுகிறது. மூலை இல்லாததால் ஈசானிய மூலை இல்லை, கன்னி மூலை இல்லை, எந்தப் பக்கம் எந்தத் திசை என்று ஊகிக்க ஒரு விளிம்புகூட இல்லை. வடக்கே தலைவைத்துப் படுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்பதால், என் கணவர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, மூச்சு வாங்கக் கட்டிலைத் திருப்பித் தள்ளிய பிறகே அத்தை தம் பையைக் கீழே வைத்தார்.

இடம் மன்னவனூர். கொடைக்கானல் நகரத்திலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மேல்மலையில் இருக்கும் கிராமம்; புல்வெளிக்கும் ஏரிக்கும் பெயர்போனது. தை மாதத்தில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தபோது, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் 'கிளாம்பிங்' போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிளாமர், கேம்பிங் ஆகிய இரண்டு சொற்களையும் ஒட்டவைத்துச் செய்த சொல் அது. கூடாரத்தில் தங்கினோம் என்ற பெருமையும் வேண்டும், கட்டில், மெத்தை, வெந்நீர், ஒட்டிய குளியலறை எல்லாமும் வேண்டும் என்று நினைக்கிற எங்களைப் போன்றவர்களுக்காகவே உண்டான ஏற்பாடு. அத்தையிடம் இதை விளக்கியபோது, "வீட்டுல இருக்கிறதெல்லாம் அங்கயும் இருக்கும்னா எதுக்குத்தா அம்புட்டுத் தூரம்?" என்று பேத்தியைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஓர் இரவுக்கு 9,500 ரூபாய் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

பதிவு செய்வதற்கு முன் நான் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. கொடைக்கானல் மலையில் அனுமதியின்றி அடித்த டென்ட்டுகளை அதிகாரிகள் அகற்றினார்கள் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வந்துகொண்டேயிருக்கும். காட்டெருமை நடமாடும் இடத்தில் ஒரு துணிக்குள் மனிதர்களைப் படுக்கவைப்பது எவ்வளவு அபாயம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே தொலைபேசியில் எடுத்தவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். "இது டென்ட் இல்ல மேடம், டோம்" என்றார். டென்ட்டோ டோமோ, அனுமதிக் கடிதத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பினால்தான் முன்பணம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், மறுநாள் அனுப்பினார். அங்கே போக நினைக்கிறவர்கள் கூச்சப்படாமல் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையிலிருந்து விடிவதற்கு முன் காரில் புறப்பட்டு, வத்தலகுண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறினோம். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். இணையத்தில் பதிந்தால் உடனே கிடைத்துவிடுகிறது. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் மலையில் தடை என்பதால், வீட்டிலிருந்த எவர்சில்வர் கூஜாவைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துப் போயிருந்தோம். பெருமாள்மலை வருவதற்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கொடைக்கானல் நகரத்தில் நிற்கவில்லை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கிய அந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றிலும் வாகனங்கள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்துகொண்டிருந்தன.

நகரத்தைத் தாண்டியதும் மலை வேறு முகத்தைக் காட்டுகிறது. வளைவுகளுக்கு நடுவில் திடீரெனப் பள்ளத்தில் பூம்பாறை தெரியும்: படிப்படியாகச் செதுக்கிய வயல்களுக்கு நடுவே, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வந்த அத்தை, கோயிலுக்கு வெளியே பூண்டு விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் அரை மணி நேரம் பேசினார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அது. விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிட்டுப் பாதுகாப்பார்களாம். அத்தை ஒரு பல்லைக் கையில் வாங்கி, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். அவருடைய கண்களில் நீர் வந்துவிட்டது. "இதுதான் பூண்டு" என்று இரண்டு கிலோ வாங்கினார். அந்த இரண்டு கிலோவும் அடுத்த இரண்டு இரவுகள் எங்களுடன் அந்த வட்ட அறையில்தான் இருந்தன என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

விளம்பரத்தில் 'ஏரிக்கரையில்' என்று போட்டிருந்தார்கள். படத்தில் டோமின் வாசற்படியிலிருந்து கையை நீட்டினால் தண்ணீரைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. உண்மையில் ஏரி, சரிவுக்குக் கீழே, ஒரு கேரட் தோட்டத்துக்கும் சாலைக்கும் அப்பால், நடந்தால் இருபது நிமிடத் தொலைவில் இருந்தது. டோமின் முன்பக்கம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தாள் பதித்திருந்தார்கள். அதன் வழியே பார்த்தால் கேரட் வயலுக்கு மேலே ஒரு சாம்பல் நிறத் துண்டாக ஏரி தெரிந்தது. பணம் வாங்கிய ஆளிடம் இதைக் கேட்டபோது, "லேக் வியூ மேடம்" என்று திருத்திக்கொண்டார். பார்வையில் படுவதெல்லாம் கரைதான் என்றால் எங்கள் வீட்டு மொட்டைமாடியும் யானைமலையின் அடிவாரம்தான். எனக்கு அன்று மாலை வரை கோபம் ஆறவில்லை. ஏரியை ஒட்டிய பகுதி வனத்துறையின் சூழல் சுற்றுலா இடம். அங்கே தனியார் எவரும் கரையிலேயே கூடாரம் போட முடியாது என்பதும், போடாமலிருப்பதே நல்லது என்பதும் பிறகு நிதானமாக யோசித்தபோது விளங்கியது. அதற்காக விளம்பரத்தில் போட்ட பொய் மெய்யாகிவிடாது.

டோமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ இருபதடி விட்டம். இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாக முடுக்கிய சட்டகத்தின் மேல், கனத்த பிவிசி துணியை உறைபோல் மாட்டியிருக்கிறார்கள். சதுரமான சட்டத்தின் ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் அது சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. அதனால்தான் நடுவில் ஒரு தூணும் இல்லாமல் இந்த அரைக்கோளம் மேல்மலைக் காற்றைத் தாங்குகிறது. இந்த வடிவத்துக்கு 1954-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். ஆனால் அவருக்கும் முன்பே, 1920-களில், ஜெர்மனியின் யேனா நகரத்தில் சைஸ் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் பௌவர்ஸ்ஃபெல்ட் இதே முறையில் ஒரு குவிமாடம் கட்டியிருக்கிறார்; கோளரங்கக் கருவியால் நட்சத்திரங்களை உள்ளே ஒளிப்படமாக வீசிப் பார்ப்பதற்காகக் கட்டியது அது. பொய் வானத்தைக் காட்டுவதற்காகக் கட்டிய வடிவத்துக்குள் படுத்துக்கொண்டு மெய்யான வானத்தைப் பார்க்க நாங்கள் பணம் கட்டியிருந்தோம். என் கணவர் பொறியாளர் என்பதால் சட்டகத்தின் முடுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், இரண்டு தளர்ந்திருந்தன.

அந்தப் பிற்பகல் ஏரிக்குப் போனோம். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கினால், சரிவு முழுவதும் புல். காலடியில் அது பஞ்சுபோல் அமுங்கியது. பக்கத்து ஓடைக்கசிவு தரைக்கடியில் ஊறிக்கொண்டிருந்ததால் பையனின் காலணி இரண்டு முறை சேற்றில் மாட்டியது. இங்கே பரிசல் சவாரி உண்டு. துடுப்புப் போட்டவர் ஏரியின் நடுவில் கொண்டுபோய்ப் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மலையும் பைன் மரங்களும் கரையும் எங்களைச் சுற்றி ஓட, அத்தை இரண்டு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார். சுற்று நின்ற பிறகு கண்ணைத் திறந்து, "நம்ம தங்கியிருக்கிறது இதத்தான்டா கவுத்துப் போட்டிருக்கு" என்று பேரனிடம் சொன்னார். டோமுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் பரிசல்தான்.

ஏரிக்குப் பக்கத்திலேயே, ஊர்க்காரர்கள் ஆட்டுப்பண்ணை என்று சொல்லும் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1965-இல் தொடங்கியது, தலைமை நிறுவனம் ராஜஸ்தானில். ரோமத்துக்காக உருவாக்கிய பாரத் மெரினோ ஆடுகளையும், இறைச்சிக்கான முயல்களையும் இங்கே வளர்க்கிறார்கள். முயலைப் பார்த்துப் பையன் உருகிக்கொண்டிருந்தபோது அது எதற்காக வளர்க்கப்படுகிறது என்பதை அவனுடைய அக்காள் விளக்கிவிட்டாள். அதன் விளைவாக அன்றிரவு அவன் கோழிக் குழம்பைத் தொடவில்லை.

ஆறு மணிக்கு மேல் குளிர் இறங்கத் தொடங்கியது. மதுரைக்காரர்களிடம் இருக்கும் ஸ்வெட்டர் எப்படிப்பட்டது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்: எப்போதோ ஊட்டியில் பேரம் பேசி வாங்கி, பாச்சை உருண்டை வாசனையோடு பெட்டியில் கிடப்பது. அத்தைக்கு விளக்கேற்றும் நேரம். சிறிய அகலையும் திரியையும் அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனால் துணி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் உள்ளே நெருப்புக் கூடவே கூடாது என்று அங்கே வேலை செய்த உள்ளூர்ப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். வெளியிலோ காற்று. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அத்தை அகலை மீண்டும் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பையன் முற்றத்தில் மூட்டிக்கொண்டிருந்த கணப்பின் அருகே போய்க் கை கூப்பினார். பிறகு இயல்பாக அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தேய்பிறைக் காலம், நிலவு நள்ளிரவுக்கு வெகுநேரம் கழித்துத்தான் எழும். எட்டு மணி வாக்கில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் கிடைத்த அந்த ஏழெட்டு நிமிடங்களில் வானம் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றது. கொஞ்சம் நட்சத்திரம் பார்க்கத் தெரியும் என்பதால் நான் கையைக் காட்டிச் சொன்னேன்: நேர் உச்சிக்குச் சற்று வடக்கே, ஒரு கைப்பிடி அரிசியைச் சிதறவிட்டாற்போல் இருப்பது கார்த்திகை. அதற்குக் கிழக்கே ஆரஞ்சு நிறத்தில் தனியாக மினுக்குவது ரோகிணி. அதற்கும் கீழே, மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாகத் தெரிவது திருவாதிரை.

"ரோகிணியா? எது, எங்க காட்டு" என்று அத்தை எழுந்தே விட்டார். அவருடைய நட்சத்திரம் ரோகிணி. அறுபத்தாறு வயதில், எத்தனை ஆயிரம் அர்ச்சனைகளில் "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்று குருக்களிடம் சொல்லியிருப்பார்! அதை வானத்தில் போய்ப் பார்க்கலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. நான் மட்டும் சொன்னேனா? திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். வடக்குப் பார்த்த எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஒருமுறையாவது காட்டியிருக்கலாம். மகள் கைப்பேசியில் தேடிவிட்டு, அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 65 ஆண்டுகள் ஆகின்றன என்று வாசித்தாள். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் இன்னும் பெருசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

திருவாதிரைக்காரனான பையன் தன்னுடையது இன்னும் சிவப்பு என்று குதித்தான். மகள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுடையது கேட்டை. கேட்டையில் பிறந்த பெண் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்ற பேச்சை அவள் பிறந்த அன்றே மருத்துவமனையில் ஓர் உறவுக்காரர் தொடங்கிவைத்தார். அது இன்னும் ஓயவில்லை. போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் அதை அவளும் காதில் வாங்கிவிட்டாள். கேட்டை மாலையில் தெரியாது, தை மாதத்தில் விடிவதற்கு முன்னால்தான் தென்கிழக்கில் எழும் என்று நான் பொதுவாகச் சொல்லிவைத்தேன். அப்போது ஜெனரேட்டர் உறுமி, வளாகத்துச் சீரியல் விளக்குகள் அத்தனையும் எரிந்து, வானம் அணைந்துவிட்டது. ஏரியையும் வானத்தையும் காட்டிச் சம்பாதிப்பவர்கள் சீரியல் விளக்குக்கு இவ்வளவு செலவழிப்பது ஏன் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை.

முதல் இரவு பெரும்பாடு. நெற்றியில் ஏதோ சொட்டியது என்று நான் விழித்தபோது மணி இரண்டரை. கூரை ஒழுகுகிறதென்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்ச் சட்டகத்தின் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நீர்த்துளி, விழுவதற்குத் தயாராகப் பருத்துக்கொண்டு தொங்கியது. ஐந்து பேரின் மூச்சும், ஹீட்டரின் வெப்பமும், குளியலறை வெந்நீரின் ஆவியும் வெளியேற வழியில்லாமல் மேலே போய்க் குளிர்ந்த பிவிசியில் பட்டு நீராகிவிட்டன. துளிகள் கணக்கு வைத்தாற்போல், ஆளுக்கொன்றாக விழுந்தன. ஒவ்வொருவராக விழித்தோம். சாதாரண அறையாக இருந்தால் ஆளுக்கொரு மூலைக்கு ஒதுங்கியிருப்போம். இங்கே ஒதுங்க மூலையே இல்லை. கட்டிலை நகர்த்தினால் அங்கும் ஒரு முடிச்சு. கடைசியில் ஐந்து பேரும் தரையில் கம்பளியை விரித்து, நடு உச்சிக்குக் கீழே, சக்கரத்தின் ஆரங்களைப்போல் கால்களை வெளியே நீட்டித் தலைகளை ஒன்றுகூட்டிப் படுத்தோம். உச்சியில் முடிச்சுக்குப் பதில், மூடிக் கிடந்த ஒரு காற்றுத் திறப்பு இருந்ததால் அங்கே சொட்டவில்லை. என் தலைக்கும் அத்தையின் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஒருவர் தலை வடக்கே இருந்தே தீர வேண்டிய அமைப்பு அது. யாருடையது என்று யாரும் திசைகாட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பூண்டு வாசனை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

காலையில் அந்த உள்ளூர்ப் பையனிடம் சொன்னபோது, "கீழ் ஜிப்பையும் மேல் ஜிப்பையும் ஒரு சாண் திறந்து வையுங்கக்கா, ஈரம் போயிரும், ஆனா குளிரும்" என்றான். அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டாம் இரவு நாங்கள் குளிரைத் தேர்ந்தெடுத்தோம். கட்டிலை யாரும் கேட்கவில்லை. மீண்டும் நடுவிலேயே படுத்தோம்.

பேச்சு நெடுநேரம் நீண்டது. என் கணவருக்கு ஐந்து வயதில் மாட்டுத்தாவணிப் பக்கம் காணாமல் போய்த் திரும்பக் கிடைத்த கதையை அத்தை சொன்னார்; அது எங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், தேடி அலைந்த அந்த மூன்று மணி நேரத்தில் தாம் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனை இன்னும் முடிக்கவில்லை என்பதை அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னார். வெளியே ஏதோ கனத்த உயிர் புல்லைக் கடித்து இழுக்கும் ஓசை கேட்டது. காட்டெருமையாக இருக்கலாம். துணிக்கு அந்தப் பக்கம் அதன் மூச்சு, இந்தப் பக்கம் எங்களுடையது. பையன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்; அது நகர்ந்துபோகும்வரை ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு அழகாக விளம்பரப்படுத்தினாலும் இந்தச் சுவர் துணிதான் என்பது அப்போது உறைத்தது. கதவைத் திறக்க வேண்டாம் என்று அங்கிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தது சரியான செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்து மணிக்குச் சற்று முன் நான் விழித்தபோது என் இரு பக்கமும் கம்பளி காலியாக இருந்தது. ஒளி ஊடுருவும் தாளில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். முற்றத்தில், இரவுக்காவலரின் டார்ச் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், அப்பத்தாவும் பேத்தியும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். கிழக்கே தேய்ந்த பிறை. காற்று அசையாத தெளிந்த இரவுகளில் கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதால், கீழே ஏரியோரத்துப் புல்வெளி முழுவதும் உறைபனி படிந்து, உப்பளம்போல் வெளுத்துக் கிடந்தது. மகள் தென்கிழக்கே கையை நீட்டிக் காட்டினாள். தேளின் வளைந்த உடலுக்கு நடுவில், பைன் மரங்களுக்கு மேலே, ரோகிணியைவிடச் சிவப்பாகக் கேட்டை எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அத்தை கையை நெற்றிக்கு மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேத்தியின் தலையில் கம்பளியை இழுத்துவிட்டார்.

உள்ளே வந்ததும் இருவருக்கும் பல் தந்தியடித்தது. கெட்டிலில் வெந்நீர் வைத்தேன். அத்தை தம் பையைத் திறந்து, பூண்டுக் கட்டை ஒதுக்கி, காகிதத்தில் சுற்றியிருந்த அகலை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே வைத்தார். "அந்தக் கல்யாணத்துல பேசுனவ நட்சத்திரம் என்னான்னு கேட்டு வச்சிருக்கேன்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "அதையும் ஒரு நா வானத்துல தேடிப் பாப்போம்."